நான் எழுதாத இரண்டு வரிகள்

1 ஜூன் 2022, புதன்

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பள்ளித் தாளாளர் போனில் வந்தார். கணினி ஆசிரியையாக இருந்து நான் ஓய்வு பெற்ற மூன்று வருடங்களில் அந்தப் பள்ளியிலிருந்து வந்த முதல் அழைப்பு.

2003 முதல் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்கள், மொத்தம் 11,460, அலுவலகத்தின் பழைய மென்பொருள் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அது ஒரே ஒரு கணினியில்தான் ஓடும். அந்தக் கணினி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் இருபதாம் தேதிக்குள் புதிய மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். கையால் அடித்துப் பார்த்ததில் ஒரு வாரத்துக்கு முந்நூறுதான் முடிந்ததாம்.

"பழசுல இருந்து மொத்தமா எடுக்க வழியே இல்லங்காங்க டீச்சர். உங்களால ஏதாவது முடியுமா?"

"முடியும் சார். ஆனா ஒண்ணு. வேலை முடியுற வரைக்கும் சபாபதி சார் எம் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்."

"ஆபீஸ் சூப்பரண்டா? அவரு எதுக்கு?"

"பதிவெல்லாம் அவருக்குத்தானே அத்துபடி."

கீரையை அப்படியே போட்டுவிட்டுப் பீரோவைத் திறந்தேன். பூதக்கண்ணாடி அதே பரிசுத் தாளுக்குள் இருந்தது. எடுத்துத் துடைத்தேன்.

2 ஜூன், வியாழன்

பூதக்கண்ணாடியின் கதையை இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

2018-ல் என் பன்னிரண்டாம் வகுப்பில் பிரிஸ்கில்லா என்று ஒரு பெண். அப்பா உப்பளத்தில் வேலை. நர்சிங் தவிர வேறு எதுவும் படிக்க மாட்டேன் என்று நின்றவள். கல்லூரியில் நேர்காணலுக்குப் போனபோது அவளுடைய சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி இல்லை' என்று இருந்தது. பார்த்த சிஸ்டர் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளி திருத்திக் கொடுப்பதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன.

அவளுடைய அப்பா ஆசிரியர் அறைக்கே வந்து கத்தினார். நான் என் கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'நன்று' என்றுதான் எழுதியிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சபாபதி முந்திக்கொண்டார்.

"டீச்சர் குடுத்ததத்தான் நாங்க ஏத்துதோம். கண்ணு தெரியலன்னா ரிட்டயர் ஆயிட்டுப் போலாம்லா?"

இருபத்திரண்டு ஆசிரியர்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். அன்றிலிருந்து எமரன்சி என்ற என் பெயர் போய், நான் 'கண்ணு டீச்சர்' ஆனேன். அடுத்த வருடம் என் பிரிவு உபசார விழாவில் அவர் மேடையேறி, பரிசுத் தாளில் சுற்றிய பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். புகைப்படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

3 ஜூன், வெள்ளி

பள்ளிக்குப் போனேன். சபாபதி முடிக்குச் சாயம் பூசுவதை நிறுத்தியிருக்கிறார்.

"வாங்க டீச்சர், சௌக்கியமா இருக்கியளா?"

"கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கல் சார்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. முதல் தவணை.

பழைய மென்பொருளைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. அவர் மேஜை டிராயரில் துண்டுச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி முடிப்பதற்குள் நான் அடித்து உள்ளே போய்விட்டேன்.

"ஆபீஸ் பாஸ்வேர்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விரல் தானாகப் போயிற்று. அதனால் என்ன, பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

4 ஜூன், சனி

வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதினேன். வகுப்பில் சொல்வது போல எனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள், சாவியும் தர மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியில் நின்றபடி ஒரு நீளக் குச்சியை விட்டு உள்ளே இருக்கும் சுவிட்சைத் தட்டலாம். மேஜையில் விரித்து வைத்த நோட்டை எட்டிப் பார்த்துப் படிக்கலாம். என் நிரல் செய்வது இதுதான். பழைய மென்பொருளின் உள்ளே அது நுழைவதே இல்லை. திரையில் திறந்திருக்கும் ஜன்னல்களில், தலைப்பில் இன்ன பெயர் இருப்பது எது என்று தேடும். கிடைத்ததும் அந்த ஜன்னலுக்குக் கணினி கொடுத்திருக்கும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு அந்த எண்ணைச் சொல்லி, பெயர் என்ற கட்டத்தில் இருப்பதை வாசி, 'அடுத்தது' என்ற பொத்தானை அமுக்கு என்று ஒவ்வொன்றாக ஏவும். வாசித்ததைப் புதிய மென்பொருளின் ஜன்னலில் கொண்டுபோய் நிரப்பும்.

அமுக்கியது மனித விரலா, வேறொரு நிரலா என்று பொத்தானுக்குத் தெரியாது. அதற்கு அமுக்கப்பட்டோம் என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த மென்பொருளில் இரண்டு விசேஷங்கள். ஒன்று, ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் 'பதிவு பூட்டப்படவில்லை, தொடரவா?' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். சரி என்று அமுக்கினால்தான் நகரும். இரண்டு, F9-ஐ அமுக்கினால் அந்தப் பதிவை எந்தப் பயனர் பெயரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஏற்றினார்கள் என்று காட்டும். இரண்டாவது சபாபதிக்குத் தெரியாது. இருபது வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார், F9 பக்கமே விரலைக் கொண்டுபோனதில்லை.

எல்லாப் பதிவுக்கும் F9 அமுக்கிக் குறித்துக்கொள்ள நிரலில் ஏற்பாடு செய்துவிட்டேன். 9,347-வது பதிவு பிரிஸ்கில்லா. அவளுக்கு முன்னும் பின்னும் இருக்கும் பதிவுகளை நேற்றே பார்த்து வைத்துவிட்டேன்.

சின்னப் பெட்டியை நிரலே அமுக்க இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை நான் எழுதவில்லை.

5 ஜூன், ஞாயிறு

பூசைக்குப் போனேன். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். நீளம் அதிகம்.

6 ஜூன், திங்கள்

ஒன்பதரைக்குத் தொடங்கினோம். புதிய மென்பொருளின் ஜன்னலில் பெயரும் பிறந்த தேதியும் தாமாக நிரம்புவதைப் பார்த்துச் சபாபதி வாயைத் திறந்தபடி நின்றார். பத்துப் பதினொரு விநாடியில் ஒரு பதிவு.

"அப்ப நான் எதுக்கு டீச்சர்?"

"இந்தப் பெட்டி வரும்போது சரின்னு என்டர் அமுக்கணும் சார். அது வந்தா நிரல் நின்னுடும்."

"எத்தன தடவ?"

"பதிவுக்கு ஒரு தடவ."

அவர் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. "பதினோராயிரத்தையுமா!"

"ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு முடிஞ்சா எட்டே நாள். மவுஸை மட்டும் தொட்டுராதிய. வேற ஜன்னல் முன்னால வந்துட்டா இந்த ஊசி அந்தத் துணியத் தச்சுரும்."

வகுப்பில் சேட்டை செய்கிறவனை நூறு தடவை எழுத வைப்போம். ஒரே வாக்கியம், நூறு வரி. எழுதுகிறவனுக்குக் கை வலிக்க வேண்டும் என்பதல்ல நோக்கம். தொண்ணூறாவது வரியில் அவனுக்கே தன்மேல் எரிச்சல் வர வேண்டும். நான் முப்பத்தோரு வருடங்களில் யாருக்கும் அப்படித் தண்டனை கொடுத்ததில்லை. சேர்த்து வைத்திருந்தேன் போலிருக்கிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் செய்தித்தாள் படித்தேன். அவர் அதைப் பார்த்தார்.

7 ஜூன், செவ்வாய்

2,871. அவருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் வலி. இடது கையால் அமுக்கினார்.

வீட்டில் மிளகாய் வற்றல் காயப் போட்டேன். நல்ல வெயில்.

8 ஜூன், புதன்

இன்று ஒரு விபத்து. தேநீர் கொண்டு வந்த வசந்தி தம்ளர் வைக்க இடம் வேண்டி மவுஸை நகர்த்திவிட்டாள். வைரஸ் தடுப்பு மென்பொருளின் ஜன்னல் முன்னால் வந்தது. என் நிரல் பதினாறு பிள்ளைகளின் பெயரை அதன் தேடல் கட்டத்தில் வரிசையாக அடித்துத் தள்ளியது.

"டீச்சர், உங்க புரோகிராமுக்கும் கண்ணு தெரியல போல!" என்றார் சபாபதி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பதினாறையும் திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். இனி எழுதும் முன் ஒவ்வொரு தடவையும் முன்னால் நிற்பது எந்த ஜன்னல் என்று கேட்டுக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினேன். அப்போதே அந்த இரண்டு வரியையும் எழுதியிருக்கலாம். நேரம் இருந்தது. எழுதவில்லை.

10 ஜூன், வெள்ளி

7,190. மனிதர் பழகிவிட்டார். முதல் நாள் ஒவ்வொரு பெயரையும் வாசித்து அமுக்கினார். "ஏ, இவன் இப்ப துறைமுகத்துல கிரேன் ஓட்டுதான்", "இந்தப் பிள்ள அப்பா இல்லாம வளந்துச்சு" என்று ஒவ்வொருவர் கதையும் சொன்னார். இப்போது திரையைப் பார்ப்பதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி, டிக் என்ற சத்தம் வந்தால் அமுக்குகிறார்.

மதியம் தயிர்ச்சாதத்தோடு பேத்தி கதை. "போன மாசம் பதினாலாம் தேதியோட நாலு வயசு முடிஞ்சுட்டு டீச்சர். போன எடுத்தா வைக்க மாட்டா. அவ பிறந்தன்னைக்கு நான் பட்ட பாடு இருக்கே, காலையில அஞ்சு மணியில இருந்து ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன். ரெண்டு நாள் ஆபீஸ் பக்கமே வரல."

எனக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நல்ல காரம்.

11 ஜூன், சனி

8,602. திங்கள்கிழமை மதியத்துக்கு முன் 9,347 வரும். தாளாளருக்குப் போன் செய்து, பதினொன்றரைக்கு வந்தால் வேலை நடப்பதைக் காட்டுகிறேன் என்று அழைத்திருக்கிறேன். நடுவில் நேரம் கூடினாலும் குறைந்தாலும் சரிசெய்துகொள்ள, 9,347-ல் நிரல் தானாக நின்று F9 பெட்டியைத் திரையில் திறந்தே வைக்கும்படி எழுதிவிட்டேன்.

பழிவாங்குவதும் பாடத் திட்டம் போடுவது போலத்தான். மணி அடிப்பதற்குள் கடைசி உதாரணம் கரும்பலகைக்கு வந்துவிட வேண்டும்.

13 ஜூன், திங்கள்

எல்லாம் நினைத்தபடி நடந்தது. எழுதுகிறேன்.

தாளாளர் வந்தபோது 9,310. அவருக்கு நாற்காலி போட்டோம். பெயர்கள் ஓடின. சபாபதி வேப்பமரத்தைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பதுக்கு நிரல் நின்றது. அவர் அது தெரியாமல், சத்தம் வராமலே பழக்கத்தில் இன்னும் இரண்டு தடவை அமுக்கினார்.

"என்ன டீச்சர் நின்னுட்டு?"

"வாசிங்க சார். பேரை வாசிங்க."

"பிரிஸ்கில்லா..." குரல் இறங்கிவிட்டது.

தாளாளருக்குப் பழைய விவகாரம் தெரியும். நான் நிதானமாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் விளக்கினேன். நடத்தைக் கட்டத்துக்கு வந்தால் இந்த மென்பொருள் 'முந்தையதையே இடவா?' என்று கேட்கும். பிள்ளைகள் எல்லோரும் 'நன்று' என்பதால் ஏற்றுகிறவர்கள் படபடவென்று என்டர் அடித்துக்கொண்டே போவார்கள். பிரிஸ்கில்லாவுக்கு முந்தைய பதிவு 9,346, ஆய்வகக் கண்ணாடியை உடைத்து இடைநீக்கம் ஆன பையன். அவனுக்குக் கவனமாகத் 'திருப்தி இல்லை' என்று அடித்தாயிற்று. அடுத்தவளுக்கு வழக்கம் போல என்டர். அவ்வளவுதான். அவளுக்கு அடுத்த பதிவு ஒரு மணி நேரம் கழித்து ஏற்றப்பட்டிருக்கிறது. நடுவில் மென்பொருளை மூடினால் முந்தையது அதற்கு மறந்துபோகும். அதனால்தான் அவளோடு நின்றது.

"பட்டியலைப் பார்க்காம அடிச்சது யாருன்னு இங்க இருக்கு சார்." F9 பெட்டியைக் காட்டினேன். பயனர் பெயர், அலுவலகம். 14 மே 2018. பகல் 12.58.

தாளாளர் திரும்பிச் சபாபதியைப் பார்த்தார்.

"பதினாலு மே..." என்றார் சபாபதி. நெற்றியைத் தடவினார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானாத்தான் இருக்கும். இந்த ஒரு வாரத்துல எத்தன தடவ பார்க்காம அமுக்கியிருக்கேன். அன்னைக்கும் அப்பிடித்தான் அமுக்கியிருப்பேன். அந்தப் பிள்ளைக்கு நான்..."

எழுந்து என் முன்னால் வந்து கையைக் கூப்பினார். "எல்லார் முன்னாலயும் உங்கள அசிங்கப்படுத்திட்டேன் டீச்சர்."

எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்படி தாளாளர் சொன்னார். சபாபதி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்துவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம்.

பூதக்கண்ணாடியை அவர் மேஜையில் வைத்தேன். "இது உங்களுக்குத்தான் சார் வேணும்."

மூன்று வருடங்களாக இந்த ஒரு வாக்கியத்தை மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லியாயிற்று.

பேருந்தில் வரும்போது பதினாலு, பதினாலு என்று ஏதோ ஒன்று மனதில் தட்டிக்கொண்டே இருந்தது. வெயிலாக இருக்கும்.

14 ஜூன், செவ்வாய்

தலைவலி. பள்ளிக்குப் போகவில்லை. மிளகாய் வற்றலை எடுத்து டப்பாவில் அடைத்தேன்.

15 ஜூன், புதன்

2018-ன் நாட்குறிப்பு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அந்த வருடம் சின்ன டைரி. எழுத்தும் பொடியாக இருந்தது. பூதக்கண்ணாடி கையில் இல்லை. அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேனே. வாசலில் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"14 மே, திங்கள். சபாபதி சார் மகளுக்குப் பிரசவ வலி என்று ஆஸ்பத்திரியில் நிற்கிறார். அலுவலகத்தில் ஆள் இல்லை. பாவம், வந்து திட்டு வாங்க வேண்டாம் என்று என் வகுப்பு டிசி 62-ஐயும் நானே ஏற்றினேன். பட்டியல் எதற்கு, என் பிள்ளைகள்தானே, எல்லாம் மனப்பாடம். ஒரு மணிக்குள் 38 முடித்து, மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். மீன் குழம்பு. அவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்று போன் வந்தது. நல்ல நாள்."

மூன்று தடவை படித்தேன்.

யாருக்கும் தெரியாது. அவருக்கே நினைவில்லை. கையெழுத்தும் போட்டுவிட்டார். இந்த டைரியைப் படிக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

16 ஜூன், வியாழன்

காலையில் முதலில் பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். முழுவதையும் சொன்னேன். எதிர்முனையில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா சாகுற வரைக்கும் அந்த சார ஏசிக்கிட்டே இருந்தாங்க டீச்சர்," என்றாள். பிறகு, "கூட்டம் நிக்கு. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள். அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

பள்ளியில் சபாபதி தனியாக உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தார். நான் வராத இரண்டு நாளும் காலையில் நிரலை அவரே ஓடவிட்டு, மதியம் வரை அமுக்கியிருக்கிறார். திரும்பவும் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். விரலில் துணி சுற்றியிருந்தது. மீதி 412.

டைரியை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பிறகு மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தார். மெதுவாகப் படித்தார்.

"எனக்காகத்தான் ஏத்தியிருக்கிய," என்றார்.

"ஆமா."

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல நான் சொன்னது..."

"சரியாத்தான் சொன்னிய சார்."

அவர் கோபப்படவில்லை. அதைத் தாங்க முடியாமல் மற்றதையும் சொன்னேன்.

"இன்னொண்ணும் இருக்கு. இந்தப் பெட்டிய நீங்க அமுக்க வேண்டிய அவசியமே இல்ல. நிரலே அமுக்கிக்கிடும். ரெண்டு வரி. நான் வேணும்னேதான் எழுதல."

இதற்குத்தான் அவருக்கு முகம் சிவந்தது. துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு வரியா? ஏ டீச்சர், பதினோராயிரம் தடவ! எம் பொண்டாட்டி ராத்திரி இந்த விரலுக்குத் தைலம் தேய்க்கா! ரெண்டே ரெண்டு வரியா?"

"இப்பவே எழுதிருதேன் சார்."

"எழுதாதிய."

எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க. நானூத்திப் பன்னெண்டு. ஒவ்வொரு பேரையும் சத்தமா வாசிச்சு, நடத்தை என்னன்னும் சொல்லி, அப்புறம் அமுக்கணும். நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

உட்கார்ந்தேன். தாளாளருக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை முதலில் அவரிடம் கொடுத்தேன். நாளை கூட்டத்தில் வாசிக்க வேண்டியது அது. அவர் தன் மன்னிப்புக் கடிதத்தைத் தாளாளரிடமிருந்து திரும்ப வாங்கி வந்து, நான்காகக் கிழித்து, தேநீர்த் தம்ளருக்கு அடியில் வைத்தார்.

வாசித்தேன், அமுக்கினேன். வசந்தி இரண்டு தேநீர் கொண்டு வந்தாள். ஒன்றை மட்டும் வாங்கி அவரே குடித்தார். ஒரு பெயரை நான் முழுங்கியபோது, "கேக்கல, திரும்ப" என்றார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

மூன்றரைக்குக் கடைசிப் பெயர். யாஸ்மின் பானு, நடத்தை நன்று. அமுக்கினேன். விரல் நுனி சுள்ளென்றது.

"கை வலிக்கா டீச்சர்?"

"வலிக்கு சார்."

"ம்," என்றார். பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பத்தரைக்குக் கூட்டம். உங்க கடிதத்த நீங்களே வாசிங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும்."